நகர மையத்து அடுக்குமாடி வீடு: வாங்குமுன் மதிப்பிடுதல் (சென்னை)

நகர மையத்து அடுக்குமாடி வீடு என்பது இக்கட்டுரையில் சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளான தியாகராய நகர், மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், கீழ்ப்பாக்கம் முதலிய இடங்களில் உள்ள ஃபிளாட்டைக் குறிக்கும். இங்கெல்லாம் காலி மனை அநேகமாக இல்லை. விற்பனைக்கு வருபவை இரண்டு வகை. ஒன்று, 1980களிலும் 1990களிலும் தனி வீடுகளை இடித்துக் கட்டிய மூன்று நான்கு தளக் கட்டடங்களில் உள்ள பழைய ஃபிளாட்டுகள். மற்றது, அந்தக் கட்டடங்களையும் இடித்துவிட்டு இப்போது எழுப்பப்படுபவை. இரண்டிலும் விலையின் பெரும்பகுதி அடியில் இருக்கும் மண்ணுக்குத்தான் போகிறது. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேயும், மண்ணின் விலை ஏறும். ஆகவே மதிப்பீடு மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். டைல்ஸ், மாடுலர் கிச்சன், பால்கனிக் காட்சி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நிலப் பங்கு

ஃபிளாட் வாங்குபவர் இரண்டு பொருள்களை வாங்குகிறார்: கட்டடத்தில் ஒரு வீடு, நிலத்தில் ஒரு பிரிக்கப்படாத பங்கு. பின்னதை எல்லோரும் யு.டி.எஸ். என்கிறார்கள். பத்திரத்தில் முதலில் தேட வேண்டிய எண் அதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் எடை விளங்கும். இரண்டு கிரவுண்ட் மனை, அதாவது 4,800 சதுர அடி. 1990களில் சாதாரணக் கட்டடத்துக்கு அனுமதிக்கப்பட்ட தளப்பரப்புக் குறியீடு (எஃப்.எஸ்.ஐ.) 1.5, எனவே 7,200 சதுர அடி கட்டலாம். தலா 900 சதுர அடியில் எட்டு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் 600 சதுர அடி நிலப் பங்கு. அதே அளவு மனை ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அங்கே பில்டர் அனுமதியை மீறி இன்னொரு தளம் ஏற்றிப் பன்னிரண்டு வீடுகள் கட்டினார். வீடு அதே 900 சதுர அடிதான், பங்கு மட்டும் 400. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தளம் கூடுதல் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. இடித்துக் கட்டும் நாளில் தெரியும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் குறியீட்டை 2 ஆக்கின. இப்போது இரண்டு மனைகளிலும் 9,600 சதுர அடி கட்டலாம். எட்டுப் பேர் உள்ள இடத்தில் தலைக்கு 1,200 வருகிறது; உரிமையாளர்களுக்குப் பழைய அளவைத் திருப்பித் தந்தபின் பில்டருக்கு விற்க மீதி இருக்கிறது. பன்னிரண்டு பேர் உள்ள இடத்தில் தலைக்கு 800தான். குடியிருக்கும் வீட்டின் அளவே திரும்பி வராது. கூடுதல் கட்டணம் செலுத்திப் பெறும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. இதை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் அது சாலையின் அகலத்தைப் பொறுத்தது; ஒன்பது மீட்டருக்குக் குறைந்த சந்துகளில் அந்தக் கதவு அநேகமாக மூடியே இருக்கும். அதனால் டேப்பை எடுத்துத் தெருவின் அகலத்தை அளந்து பார்ப்பது வீட்டின் ஹாலை அளப்பதைவிட முக்கியம்.

விளம்பரத்தில் சொல்லப்படும் பரப்பு படிக்கட்டு, லிப்ட், நடைபாதை எல்லாம் சேர்ந்தது. உண்மையில் கால் வைக்கும் தரைப்பரப்பு அதில் கால் பங்குக்கு மேல்கூடக் குறையலாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இந்தத் தரைப்பரப்பைக் கார்ப்பெட் ஏரியா என்று வரையறுத்துப் புதிய திட்டங்களில் அதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தியது. பழைய ஃபிளாட்டுக்கு அளந்து பார்ப்பதே வழி.

ஏரி இருந்த இடம்

தியாகராய நகர் 1920களில், மாம்பலம் பக்கம் நீண்டு கிடந்த ஏரியின் படுகையில் உருவாக்கப்பட்ட குடியிருப்பு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது. நுங்கம்பாக்கம் ஏரியின் படுகையில்தான் 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. அருகே டேங்க் பண்ட் சாலை. ஏரியை மூடினாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது, மழைநீர் பழைய வழியையே தேடி வருகிறது. வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி தியாகராய நகர் வழியாக நந்தனத்தில் அடையாற்றைச் சேரும் மாம்பலம் கால்வாய் அடைபட்டால் ஜி.என்.செட்டி சாலையும் அதன் கிளைத் தெருக்களும் நிரம்புகின்றன. 2021 நவம்பர் மழையில் இப்பகுதியில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

இங்கே இரண்டு வகை வெள்ளத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாங்குபவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வது வழக்கம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பகுதிகளில் முதல் மாடி வரை ஏறியது ஆற்று வெள்ளம். அது அரிது, ஆனால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். தியாகராய நகர், மாம்பலம் போன்ற இடங்களில் வருவது தேங்கும் வெள்ளம். முழங்கால் அளவுதான், ஆனால் அடிக்கடி வரும்; கழிவுநீரும் கலந்தே வரும். முன்னதில் மேல்மாடி வீடு தப்பிக்கும். பின்னதில் மூன்றாம் மாடிக்காரரும் தப்ப முடியாது. சம்பில் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில்) சாக்கடை கலந்துவிடும், மோட்டார் ரூமில் தண்ணீர் புகும், லிப்ட் நிற்கும், கார் முழுகும்.

சுவடுகளைக் கட்டடமே காட்டும். கார் நிறுத்தும் தரைத்தளத்து ஸ்டில்ட் தூண்களில் பெயின்ட் ஒரே மட்டத்தில் உப்பி உரிந்திருக்கிறதா, மின் மீட்டர் பலகை வழக்கத்துக்கு மாறாக மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கிறதா, சம்ப் மூடியைச் சுற்றிப் புதிதாக விளிம்பு கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கேட்டில் நின்று சாலை மட்டத்தையும் கார் நிறுத்தும் தரையையும் ஒப்பிட வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ஊற்றியதால் பல தெருக்கள் வீடுகளைவிட உயர்ந்துவிட்டன. சுரண்டிய பிறகே சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட வேண்டி வந்தது. தரகர் தண்ணீர் நிற்காது என்றே சொல்வார். தெருமுனையில் இஸ்திரி போடுபவரையும், பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேனையும் தனித்தனியாகக் கேட்டால் எந்த ஆண்டு எதுவரை வந்தது என்று கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

வெள்ளம் வரும் ஊரிலேயே வறட்சியும் வருகிறது. 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அந்தக் கோடையில் இந்தக் கட்டடம் எப்படிச் சமாளித்தது, போர்வெல் வற்றியதா, மாதம் எத்தனை லாரி வாங்கினார்கள் என்பதே சங்கத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. போர்த் தண்ணீரை ஒரு வெள்ளைப் பக்கெட்டில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தால் இரும்பு இருந்தால் மஞ்சளாகும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்பும் சேரும். மழைநீர் சேமிப்பு 2003இலிருந்து கட்டாயம். ஆனால் மாடியிலிருந்து வரும் குழாய் உண்மையில் உறைகிணற்றில் இறங்குகிறதா, தெருச் சாக்கடைக்குப் போகிறதா என்று குழாயின் வழியே நடந்து பார்க்க வேண்டும்.

கட்டடத்தின் உடல்நிலை

சென்னைக் காற்றில் உப்பு இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் ஈரமும் உப்பும் போனால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், மேல் காரை வெடித்துப் பெயரும். சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனிக் கூரை, குளியலறைக்கு நேர் கீழுள்ள சீலிங், மொட்டைமாடித் தொட்டியின் அடித்தளம் ஆகியவை முதலில் கெடும் இடங்கள். சாவியால் தட்டினால் டொக் டொக் என்று பொள்ளல் ஓசை வரும் இடத்தில் காரை ஏற்கெனவே கம்பியை விட்டுவிட்டது. விற்பனைக்கு முன் புதிதாகப் பூசிப் பெயின்ட் அடித்த வீட்டில் இது மறைந்திருக்கும். அதனால் விற்கும் வீட்டைவிட அதே கட்டடத்தின் படிக்கட்டுக் கூரையையும் மற்ற வீடுகளின் சன்ஷேடையும் பார்ப்பது பலன் தரும். இருபத்தைந்து ஆண்டு தாண்டிய கட்டடமானால் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்துச் செல்லும் செலவு வீட்டு விலையில் ஒரு துளிகூட இல்லை. கடைசி மாடி வீடு வாங்குவோர் மொட்டைமாடித் தட்டோட்டின் இணைப்புகளையும் தண்ணீர் வடியும் சரிவையும் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்தத் தூண்களின் மேல் நிற்கும் கட்டடம் நிலநடுக்கத்தில் பலவீனமானது. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இவ்வகை அடுக்குமாடிகள் பல சரிந்தன. அதன்பின் 2002இல் சென்னை நிலநடுக்க அபாய வகைப்பாட்டில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் கட்டியவை பழைய கணக்கில் கட்டியவை.

வசதிகள்

சந்தை, கோயில், பள்ளி, மருத்துவமனை எல்லாம் நடை தூரத்தில் இருப்பதே நகர மையத்தின் வலு. ஜிம்மும் நீச்சல் குளமும் இல்லை என்று குறைப்பட ஒன்றுமில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் உயர்நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது; அதனால் அருகிலிருப்போரின் அன்றாடம் எளிதானது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான தடம் மயிலாப்பூர், பனகல் பார்க், கோடம்பாக்கம் வழியாகப் போகிறது. நிலையம் வருவது விலையை ஏற்றும். சுரங்கத் தடத்தை ஒட்டிய கட்டடத்தில் விரிசல்கள் பழையவையா, பணி தொடங்கியபின் வந்தவையா என்றும் விசாரிக்க வேண்டும்.

வணிகத் தெருவின் அருகாமைக்கு வேறொரு விலை உண்டு. 2017 மே 31 அன்று தெற்கு உஸ்மான் சாலையில் பல மாடி ஜவுளிக் கடை ஒன்று தீப்பிடித்து எரிந்து, பின்னர் முழுவதும் இடிக்கப்பட்டது. தீயணைப்பு வண்டி உள்ளே திரும்ப முடியுமா என்பது தீபாவளி வாரத்து மாலை ஏழு மணிக்கு அந்தத் தெருவில் நின்றால்தான் தெரியும்.

பத்திரமும் பங்காளிகளும்

மூலப்பத்திரம் தொடங்கி இன்றுவரை உள்ள கைமாற்றங்கள், குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும (சி.எம்.டி.ஏ.) அல்லது மாநகராட்சி அனுமதி வரைபடம், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றை வாங்குபவரே நியமிக்கும் வக்கீல் பார்க்க வேண்டும். வங்கி கடன் தருகிறது என்பது உரிமைக்கு உத்தரவாதம் அல்ல. அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தளங்களையும் வீடுகளையும் எண்ணினால் மேலே சொன்ன பன்னிரண்டு வீட்டுச் சிக்கல் அங்கேயே பிடிபடும். பழைய ஃபிளாட்டுகள் பலவற்றில் நிலப் பங்குக்கு மட்டும் பத்திரம் பதிவாகி, வீட்டுக்கு வெறும் கட்டுமான ஒப்பந்தம் இருக்கும். அந்த ஒப்பந்தத்தின் அசல் கைக்கு வர வேண்டும். பவர் பத்திரம் மூலம் விற்றிருந்தால், பதிவின்போது பவர் கொடுத்தவர் உயிருடன் இருந்தாரா என்பது கேள்வி. வெறும் பவரால் உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. குடும்பச் சொத்தாக இருந்து பில்டருக்குப் போன மனையில் மகள்கள் கையெழுத்திட்டார்களா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் அவர்களுக்குப் பங்கு உண்டு. மயிலாப்பூர் போன்ற இடங்களில் மனை கோயில் நிலமா என்பதையும் தனியாக விசாரிக்க வேண்டும். கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் இருக்கிறதா அல்லது வாய்ப்பேச்சா என்பது தினசரிச் சண்டைக்குரிய விஷயம். ஸ்டில்ட் இடத்தைத் தனிச் சொத்தாக பில்டர் விற்க முடியாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு மும்பை வழக்கில் தீர்ப்பளித்தது.

ஃபிளாட் வாங்குபவர் உடன் உரிமையாளர்களையும் சேர்த்தே வாங்குகிறார். சங்கத்தின் மினிட் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். யார் மெயின்டனன்ஸ் பாக்கி, லிப்ட் மாற்ற எத்தனை கூட்டம் நடந்தது, மொட்டைமாடி யாருடையது என்ற தகராறு முடிந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்படிப் படிப்பது அவர்களின் குணத்தை அறியும் ஆவலுக்காக மட்டுமல்ல. 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்ட வழிவிடுகிறது. முன்பு ஒரே ஒருவர் மறுத்தால் எல்லாம் நின்றது. இப்போது வேண்டாம் என்கிறவரும் கிளம்ப வேண்டிவரலாம். ஓய்வுக்காலத்தை அமைதியாகக் கழிக்க நினைத்து முப்பது வயதுக் கட்டடத்தில் வாங்குபவர், மற்றவர்கள் ஏற்கெனவே பில்டரோடு பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று நேரடியாகக் கேட்டுவிட வேண்டும்.

செலவு

மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் உண்டு. விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 விழுக்காடு வருமான வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு, பணி நிறைவுச் சான்று பெற்றபின் விற்பதற்கு இல்லை. புதிய திட்டங்களில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்க பில்டருக்கு அனுமதி இல்லை. கட்டுமானக் குறைகளுக்கு அவர் ஐந்து ஆண்டு பொறுப்பு. பழைய கட்டடத்துக்கு வங்கி அதன் மீதி ஆயுளைப் பார்த்தே கடன் தரும் என்பதால், அட்வான்ஸ் கொடுக்குமுன் கடன் கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பதிவுக்குப் பின் சொத்துவரி, குடிநீர் வாரியக் கணக்கு, மின் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்ற வேண்டும். விற்பவரின் பழைய பாக்கிகள் இவற்றில்தான் ஒளிந்திருக்கும் என்பதால், கடைசி ரசீதுகளைப் பதிவு நாளுக்கு முன்பே கையில் வாங்கி வைப்பது நடைமுறை.