நீர்நிலை என்பது யாது?

1871 ஆம் ஆண்டில், மிச்சிகன் மாநிலத்துக் கிராண்டு ஆறு பற்றிய வழக்கில், வணிகக் கலம் செல்லத்தக்க ஆறே கூட்டாட்சி அதிகாரத்துக்கு உட்பட்டது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிகத்துக்கு அவ்வளவு போதும். அழுக்கோ கலமேறிச் செல்வதில்லை. சதுப்பு நிலத்திற் கொட்டிய நஞ்சு சிற்றோடை வழியே பேராற்றைச் சேரும். இதனை உணர்ந்தே 1972 ஆம் ஆண்டின் தூயநீர்ச் சட்டம் ‘ஐக்கிய அமெரிக்காவின் நீர்நிலைகள்’ எனப் பரந்த தொடரை ஆண்டது. ஆயின் அவை யாவை என அது விளக்கிற்றிலது.

அவ்விடைவெளியிலேயே அரை நூற்றாண்டுப் பூசல் விளைந்தது. 2006 இல் ரப்பானோசு வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் பெரும்பான்மை விளக்கமொன்றை எய்திலர். 2014 இல் அரசாங்கம் புதிய வரைவொன்றை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கோரிற்று. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்துரைகள் குவிந்தன. வயல் வாய்க்காலுக்கும் அனுமதி வேண்டுமோ என உழவர் அஞ்சினர். அவ்வச்சத்தை நகையாடுதல் தகாது. 2015 இல் எழுந்த விதியை 2020 இல் வேறொரு விதி மாற்றிற்று.

2023 மே மாதத்துச் சக்கெட் தீர்ப்போ, ஆற்றோடு இடையறாத மேற்பரப்புத் தொடர்பில்லாச் சதுப்பு நிலங்களைக் காவலினின்று நீக்கியது. நிலத்தடியில் ஊறிச் சேரும் நீரை அவ்வளவுகோல் காணாதென்பதே எமது கருத்து. 2025 நவம்பரில் மற்றுமொரு வரைவு மக்கள் கருத்துக்கு விடப்பட்டது.