கல்லச்சில் பூத்த கீரைகள்

கீரைக்காரியின் கூடைக்கு வந்து சேருவது எப்போதும் இளஞ்செடிதான். தண்டில் நார் ஏறுமுன், பூ தலைகாட்டுமுன் அது பிடுங்கப்பட்டுவிடுவதால், முளைக்கீரையின் புஷ்பம் எப்படியிருக்கும் என்று கேட்டால், ஆயுள் முழுதும் அதை ஆய்ந்தும் கடைந்தும் பழகியவர்கள்கூடச் சற்றே தயங்குவார்கள். தாவர சாஸ்திரம் வேண்டுவதோ இதற்கு நேர்மாறானது. பூவும் காயும் விதையும் கண்ணுக்குப் புலப்படாதவரையில் ஒரு செடியின் குலத்தையும் இனத்தையும் நிச்சயிக்க அதற்கு வழியில்லை. சமையலறை புறக்கணித்த அந்த முற்றிய பருவத்தில் நம் கீரைகளைக் கண்ணெடுத்துப் பார்த்து, அவற்றின் சாயலைச் சிறிதும் பிசகாமல் காகிதத்தில் இறக்கிவைத்தவர்களில், சென்னை ராஜதானியில் பணிபுரிந்த ரங்கையா, கோவிந்து என்னும் இரண்டு சித்திரக்காரர்களுக்கு முதன்மையான இடம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

அவர்களை நியமித்தவர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர். எடின்பரோவில் வைத்தியம் கற்று, 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தில் சென்னைக்கு வந்த அவர், ரணசிகிச்சையைக் காட்டிலும் செடிகொடிகளிடத்தே அதிக ஈடுபாடு கொண்டவராயிருந்தார். நாகப்பட்டினத்தில் பட்டாளத்து வைத்தியராயிருந்த காலத்தில், ரங்கையா வரைந்த சித்திரங்களைக் கிளாஸ்கோவிலிருந்த ஹூக்கர் என்னும் பேராசிரியருக்கு அனுப்ப, அவரும் அவற்றைத் தம் சஞ்சிகையில் வெளியிட்டார். பிற்பாடு வைட் 1838 தொடங்கி 1853 வரை சென்னையிலேயே அச்சிட்டு வெளியிட்ட ‘ஐகோனெஸ் பிளாண்டாரம் இந்தியே ஓரியண்டாலிஸ்’ என்னும் பெருங்கிரந்தம் ஆறு சம்புடங்களாகவும் 2,101 சித்திரத் தாள்களாகவும் வளர்ந்தது.

சென்னையிலேயே அச்சானது என்பதை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். மலையாளக் கரையின் செடிகளை விவரித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. ராக்ஸ்பர்க் என்னும் தாவர சாஸ்திரி சேகரித்த சோழமண்டலக் கரைச் செடிகளின் 300 சித்திரங்களோ 1795 முதற்கொண்டு லண்டனில் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு வர்ணம் தீட்டப்பட்டன. செடி இங்கேயும் அச்சு அங்கேயுமாக இருந்த அந்த முறையை மாற்றியது கல்லச்சு. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் உருவத்தை ஏற்றி, கல்லை நீரால் நனைத்து, அதன்மேல் அச்சு மையை உருட்டினால், ஈரம் பட்ட இடம் மையை விலக்க, வரைந்த கோடு மாத்திரம் அதை ஏற்றுக்கொள்ளும். செப்புத் தகட்டை விட இதற்குச் செலவு குறைவு. வர்ணத்தையும் விட்டுவிட்டபடியால் அத்தனை ஆயிரம் தாள்களைப் பிரசுரிப்பது சாத்தியமாயிற்று.

இந்தத் தாள்களுக்குள்தான் நம் கீரைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை ஒரே இடத்தில் தேடினால் அகப்படமாட்டா. முள்ளுக்கீரையும் பொன்னாங்கண்ணியும் தொய்யாக்கீரையும் ஒரு குடும்பத்தில் இருக்க, வல்லாரை கொத்துமல்லியின் சுற்றத்தாரோடும், தூதுவளை கத்தரியின் சுற்றத்தாரோடும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பசலையும் முடக்கத்தானும் வேறு வேறு மூலைகளில். நம் வீட்டு அடுப்பங்கரை ஒரே பாத்திரத்தில் சேர்த்ததைச் சாஸ்திரம் இவ்வாறு பிரித்து வைக்கிறது.

வரைவதில் இருந்த சங்கடத்தை உணர வேண்டுமானால் செடிகளை நெருங்கித்தான் பார்க்க வேண்டும். உலர்த்திய மாதிரியை வைத்துக்கொண்டு பசலையை வரைவது வீண் பிரயத்தனம். நீர் நிறைந்த அதன் தடித்த இலை காகிதத்துக்கிடையில் அழுகும், அல்லது உருத்தெரியாமல் சுருங்கும். ஆகையால் அது பச்சையாகக் கையிலிருக்கும்போதே வேலை முடிய வேண்டும். வல்லாரையின் பூ இலைக்குக் கீழே, ஏறக்குறைய மண்ணைத் தொட்டாற்போல், மறைந்து கிடப்பது. முளைக்கீரைக் கதிரில் ஆண் பூவும் பெண் பூவும் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும், ஒவ்வொன்றும் கடுகத்தனைதான். அதைப் பிரித்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, இதழையும் மகரந்தத் தாளையும் சூலகத்தையும் தனித்தனியே பெருக்கித் தாளின் அடிப்பகுதியில் வரைந்து காட்டுவதுதான் இந்தச் சித்திரங்களின் உயிர்நிலை. முடக்கத்தானை எடுத்துக்கொள்ளுங்கள்: காற்று நிரம்பிய மூன்று பட்டைக் காய், அதற்குள் மிளகைப் போன்ற கருவிதை, அந்த விதையின்மேல் இருதய வடிவில் வெள்ளைத் தழும்பு. தோசை மாவில் அதன் இலையை அரைத்துச் சேர்ப்பவர்களில் எத்தனை பேர் அந்தத் தழும்பைக் கண்டிருப்பார்கள்!

ரங்கையாவும் கோவிந்துவும் தெலுங்கு வழங்கிய ராஜு வம்சத்து ஓவியர்கள் என்பது ஆராய்ந்தவர்களின் கருத்து. தஞ்சாவூர்ப் படங்களைத் தீட்டிய கைகளின் மரபும் அதுவே. தெய்வ உருவங்களுக்கு நகையும் கல்லும் வைத்துப் பழகிய மரபினர், அலங்காரம் என்பதே கூடாத, இலைப்பல்லின் எண்ணிக்கைகூடத் தவறக்கூடாத ஒரு புதிய கலையை இவ்வளவு விரைவில் வசப்படுத்திக்கொண்டது சாதாரணக் காரியமன்று. 1820-களிலேயே ரங்கையா தொடங்கிவைத்த பணியை 1840-களின் நடுவில் கோவிந்து ஏற்றுக்கொண்டார். அச்சிட்ட எல்லாத் தாள்களுக்கும் இவ்விருவரே கர்த்தாக்கள் என்று சொல்வதற்கில்லை. கல்கத்தாவிலிருந்த ராக்ஸ்பர்க்கின் சித்திரங்களைப் பார்த்துப் பிரதி செய்தவையும் அவற்றில் கலந்துள்ளன. ஆனால் ராக்ஸ்பர்க்கின் சித்திரக்காரர்கள் பெயரில்லாமலே போய்விட, வைட்டின் தாள்களில் பலவற்றின் அடியில் ரங்கையாவின் பெயரும் கோவிந்துவின் பெயரும் பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எஜமானன் வேலைக்காரன் என்ற பேதம் மிகக் கடுமையாயிருந்த கம்பெனி காலத்தில் இது சிறிய விஷயமன்று. அதற்கும் ஒரு படி மேலே சென்று வைட், பூவின் உள்ளுறுப்புகளைப் பகுத்து வரைவதில் கோவிந்து அடைந்திருந்த தேர்ச்சியைப் பாராட்டி, 1853-இல் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று நாமகரணம் செய்தார். பிற்காலச் சாஸ்திரிகள் அதைத் ‘திரோபிடியா’ என்ற மற்றோர் இனத்தோடு சேர்த்துவிட்டபடியால், அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை.

அதே 1853-இல் வைட் உத்தியோகத்திலிருந்து விலகித் தாய்நாடு திரும்பினார். ரங்கையாவும் கோவிந்துவும் நீர்வர்ணத்தில் தீட்டிய மூலச் சித்திரங்களில் பெரும்பகுதி எடின்பரோ தாவரத் தோட்டத்திலும் கியூ தோட்டத்திலும் பத்திரமாக இருக்கிறது. கல்லச்சுத் தாளில் இழந்த வர்ணங்களை, தூதுவளைப் பூ போன்றவற்றின் ஊதாவையும் அவற்றின் நடுவே நிற்கும் மஞ்சளையும், அறிய விரும்புகிறவர்களுக்கு அந்த மூலங்களே துணை. அவற்றிலிருந்து நம் வீட்டுக் கீரைகளை மட்டுமாவது தேர்ந்தெடுத்து, வரைந்தவரின் பெயரோடும் தமிழ்ப் பெயரோடும் ஒரு தொகுதியாக இங்கே அச்சிடுவது, தாவர சாஸ்திரம் கற்பிக்கும் நம் கல்லூரிகள் மனம் வைத்தால் ஆகக்கூடிய காரியம்தான்.