மன்னார் வளைகுடாவின் குளியாளர்கள்

மன்னார் வளைகுடாவின் குளியாளர்கள் எனப்படுவோர், தமிழகத்தின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கையின் வடமேற்குக் கரைக்கும் இடையிலுள்ள கடலில் மூழ்கி முத்துச்சிப்பி, சங்கு, கடற்பாசி முதலியவற்றை எடுக்கும் தொழிலைப் பரம்பரையாகச் செய்துவந்த கடலோர மக்கள் ஆவர். தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, பாம்பன் ஆகிய ஊர்களில் இவர்கள் மிகுதியாக வாழ்ந்துவந்துள்ளனர். பரதவர்களும் இசுலாமியர்களும் இத்தொழிலில் முதன்மையாக ஈடுபட்டனர். மூழ்குபவர் ஒருவரே ஆயினும், குளித்தல் எக்காலத்திலும் குழுவாகச் செய்யப்பட்ட தொழிலாகும். இக்காலத்து ஸ்கூபா முக்குளிப்புக் கழகங்கள் பின்பற்றும் விதிகள் சிலவற்றுக்கு இணையான வழக்கங்களை இக்குழுக்களிடம் காணலாம்.

பெயர்

கடலில் மூழ்கி ஒரு பொருளைத் தேடி எடுப்பதைக் கடலோரத் தமிழில் குளித்தல் என்பர். முத்துக்குளித்தல், சங்கு குளித்தல் என்னும் தொடர்களில் இச்சொல் இப்பொருளிலேயே வருகிறது. மூழ்குபவர் குளியாள் எனப்பட்டார். அரசின் மேற்பார்வையில் குறித்த காலத்தில் நடைபெறும் முத்துக்குளிப்பு சலாபம் எனப்பட்டது. முத்துச்சிப்பிகள் ஒட்டி வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்பது பெயர். தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள தொள்ளாயிரம் பார் இவற்றுள் பெயர் பெற்றதாகும்.

வரலாறு

கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரியக் கடலின் பெரிப்ளசு என்னும் கிரேக்க நூல், பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடத்தப்பட்டதாகக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு நடந்ததையும், வணிகர்கள் ஆட்களை அமர்த்திக்கொண்டு படகுகளில் சென்றதையும் குறித்துள்ளார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு கிடைத்தது என்பதும் அவர் தரும் செய்தியாகும்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரும், 1658 முதல் ஒல்லாந்தரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் முத்துப் பார்களைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். ஆட்சிகள் மாறியபோதும் மூழ்கும் முறை பெரிதாக மாறவில்லை. பரதவர்களின் சாதித் தலைவர் சலாபத்தில் சிறப்புப் பங்கு பெறும் உரிமை கொண்டிருந்தார்.

இலங்கைப் பக்கத்தில் மரிச்சிக்கட்டியை அடுத்து 1905இல் நடந்த சலாபம் மிகப் பெரியதாகும். அதில் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. தமிழகக் குளியாளர்களுடன் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாளர்களும் அதில் பங்கேற்றனர். அரபுக் குளியாளர்கள் மூக்கில் கவ்வி அணிந்தனர். தமிழ்க் குளியாளர்கள் மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டே இறங்கினர்.

படகின் அமைப்பு

19ஆம் நூற்றாண்டின் சலாபப் படகு ஒன்றில் பொதுவாக 20க்கும் மேற்பட்டோர் இருந்தனர். படகை நடத்துபவர் தண்டல் எனப்பட்டார். 10 குளியாளர்களும் 5 குளிகற்களும் இருப்பது வழக்கம். ஒரு கல்லுக்கு இருவர் என்ற கணக்கில், ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே இளைப்பாறினார். எஞ்சியோர் கயிறு பிடித்தல், படகைச் செலுத்துதல் ஆகிய பணிகளைச் செய்தனர்.

குளியாளர் கல் கட்டிய கயிற்றின் வளையத்தில் ஒரு காலை வைத்து நிற்பார். கயிறு தளர்த்தப்பட்டதும் கல்லின் எடை அவரை விரைவாக அடித்தளத்துக்குக் கொண்டுசெல்லும். தரையை அடைந்ததும் அவர் காலை எடுத்துவிடுவார். கல் மேலே இழுக்கப்படும். ஒன்று அல்லது ஒன்றரை நிமிடத்துக்குள் சிப்பிகளைப் பறித்து வலைப்பையில் இட்டு, மற்றொரு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் அந்த அசைவை உணர்ந்து உடனே இழுக்க வேண்டும்.

இம்முறையில் குளியாளரின் உயிர் கயிறு பிடிப்பவரின் கவனத்தைச் சார்ந்திருந்தது. அவர் கண் அயர்ந்தாலோ அசைவைத் தவறாகப் புரிந்துகொண்டாலோ மூழ்கியவர் மீள்வது அரிது. ஆகவே கயிற்றை மைத்துனரிடமே கொடுக்க வேண்டும் என்பது மரபாகச் சொல்லப்படும் வழக்கமாகும். தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாவதை விரும்பாதவர், அவள் கணவனின் கயிற்றைக் கைவிட மாட்டார் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். மலைத்தேன் எடுப்போரிடமும் இதே வழக்கம் சொல்லப்படுகிறது.

பங்கும் நம்பிக்கையும்

ஆங்கிலேயர் காலத்துச் சலாபங்களில் குளியாளர்களுக்குக் கூலி பணமாகத் தரப்படவில்லை. எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு படகினருக்கும் இரண்டு பங்கு அரசுக்கும் சென்றது. அரசின் பங்கு அன்றாடம் ஆயிரம் சிப்பி என்ற கணக்கில் ஏலம் விடப்பட்டது. சிப்பியைத் திறக்கும்வரை உள்ளே முத்து உண்டா என்பது தெரியாது. ஆகவே வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் இது ஒருவகைச் சூதாட்டமாகவே இருந்தது.

சுறா மீனின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவராகக் கருதப்பட்ட கடல்கட்டி என்பவரும் சலாபத்தில் இடம்பெற்றார். மார்க்கோ போலோ காலத்தில் இத்தகையோருக்கு இருபதில் ஒரு பங்கு தரப்பட்டது. கடல்கட்டி இல்லாமல் மூழ்கப் பலர் மறுத்ததால், ஆங்கிலேய அரசும் அவருக்கு ஊதியம் அளித்தது.

உடலும் நீரழுத்தமும்

கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் 1 வளிமண்டல அளவாகும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் மேலும் 1 வளிமண்டலம் கூடுகிறது. 10 மீட்டரில் அழுத்தம் 2 மடங்காகவும், 20 மீட்டரில் 3 மடங்காகவும் இருக்கும். பாயிலின் விதிப்படி வளிமத்தின் கனவளவு அழுத்தத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். மேற்பரப்பில் 6 லிட்டர் காற்றை நுரையீரலில் நிரப்பிக்கொண்டு மூழ்குபவருக்கு, அது 10 மீட்டரில் 3 லிட்டராகவும் 20 மீட்டரில் 2 லிட்டராகவும் சுருங்கும். மேலே வரும்போது அது மீண்டும் பழைய அளவையே அடையும். எனவே மூச்சடக்கி மூழ்குபவரின் நுரையீரல் மேலேறும்போது விரிந்து கிழிவதில்லை. செவிப்பறை கிழிதலும், காது, மூக்கு வழியே குருதி வடிதலும், நீருக்குள்ளேயே நினைவிழத்தலும் இவர்களுக்கு நேரும் இடர்களாகும்.

காற்றுக்கலனுடன் மூழ்குபவரின் நிலை வேறு. அவர் சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறார். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியவாறு மேலே வந்தால், அக்காற்று இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். பரம்பரைக் குளியாளர் தம் வாழ்நாள் முழுதும் கற்ற மூச்சடக்கும் பழக்கமே இங்கு உயிருக்கு எதிரியாகிறது.

மற்றொரு இடர் நைட்ரசனால் வருவதாகும். அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரசன் குருதியிலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. விரைவாக மேலேறினால் அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுவலி, பக்கவாதம், சில வேளைகளில் இறப்பையும் உண்டாக்கும். இது அழுத்தநீக்க நோய் எனப்படும். சோடா புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் எழுவது இதற்கு ஒப்பாகும்.

சங்கு குளித்தல்

முத்துச் சலாபம் சில ஆண்டுகளில் மட்டுமே நடந்தது. சிப்பிகள் இல்லாத இடைவெளி பல ஆண்டுகள் நீண்டதும் உண்டு. இடைப்பட்ட காலத்தில் குளியாளர்களுக்கு வாழ்வளித்தது சங்கு ஆகும். எடுக்கப்பட்ட சங்குகள் பெரும்பாலும் வங்காளத்துக்கு அனுப்பப்பட்டு வளையல்களாக அறுக்கப்பட்டன. மணமான வங்காள இந்துப் பெண்கள் அவ்வளையல்களை அணிவர். இத்தொழிலைப் பற்றிச் சென்னை மாகாண மீன்வளத் துறையைச் சேர்ந்த சேம்சு ஆர்னெல் 1914இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். வலம்புரிச் சங்கு மிக அரிதாகக் கிடைப்பதால் அதற்கு விலை மிகுதி. இளஞ்சங்குகளை எடுக்கலாகாது என்னும் விதியும் இருந்தது. சங்கை ஒரு வளையத்தில் இட்டுப் பார்த்து, அதனுள் நுழைந்து விழும் சிறியவற்றைக் கடலிலேயே விட்டனர்.

கடற்பாசி எடுக்கும் பெண்கள்

பாம்பன், இராமேசுவரம் பகுதிகளில் பெண்கள் ஆழம் குறைந்த பார்களில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கின்றனர். கண்ணாடி அணிந்து, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இவர்கள் மூழ்குகின்றனர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டதன் பின்னர், தீவுகளைச் சூழ்ந்த கடலில் இவர்கள் தொழில் செய்வது சிக்கலாயிற்று. பெண்கள் ஒன்றுசேர்ந்து, மாதத்தில் எடுக்கும் நாட்களைக் குறைத்துக்கொள்வது, பவளப்பாறைகளைச் சேதப்படுத்தாமல் எடுப்பது போன்ற கட்டுப்பாடுகளைத் தமக்குத்தாமே விதித்துக்கொண்டனர். இவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டின் சீகாலஜி பரிசு வழங்கப்பட்டது.

காற்றுக்கலனின் வருகை

பிரான்சு நாட்டின் சாக் குசுத்தோவும் எமில் காஞானும் 1943இல் அக்குவாலங் என்னும் கருவியை உருவாக்கினர். மூழ்குபவர் தம் காற்றைத் தாமே சுமந்து செல்ல இது வழிசெய்தது. இதைத் தொடர்ந்து முக்குளிப்புக் கழகங்கள் பல நாடுகளில் தோன்றின. பிரித்தானிய சப்-அக்குவா கழகம் 1953இலும், உலக நீரடி விளையாட்டுக் கூட்டமைப்பு 1959இலும் தொடங்கப்பட்டன. அமெரிக்காவின் பாடி என்னும் பயிற்சி நிறுவனம் 1966இல் உருவானது.

இலங்கையில் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன், 1956இல் திருகோணமலைச் சுவாமி மலையின் அடியில் மூழ்கி, போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசுவரம் கோயிலின் சிதைவுகளைக் கண்டார். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகிய அறிவியலாளர்கள் இக்கருவியுடன் மூழ்கி முத்துப் பார்களை ஆராய்ந்தனர். அதுவரை குளியாளர் சொல்லக் கேட்டும், அவர் எடுத்துவந்த சிப்பியைப் பார்த்துமே பாரின் நிலை அறியப்பட்டுவந்தது.

முத்துக்குளிப்பின் முடிவு

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன் பின்னர் பெரிய அளவில் சலாபம் நடத்தும் அளவுக்குச் சிப்பிகள் பெருகவில்லை. அளவுமீறி எடுத்தது, சிப்பிகளைத் தின்னும் மீன்கள், நீரோட்ட மாற்றத்தால் குஞ்சுச் சிப்பிகள் பாரில் தங்காமை, இழுவைமடிப் படகுகளின் பெருக்கம் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடிப் பகுதியில் சிப்பியை வளர்த்து உருண்டை முத்தை உருவாக்குவதில் வெற்றி கண்டது. கடலட்டைகளைப் பிடிப்பது 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டதால், அதை நம்பியிருந்த குளியாளர்களும் வருவாய் இழந்தனர்.

கழக விதிகளும் பழைய வழக்கமும்

முக்குளிப்புக் கழகம் ஒன்றில் சேர்பவர் முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சி பெற்று, பின்னரே கடலுக்குச் செல்கிறார். எங்கும் பொதுவாகக் கற்பிக்கப்படும் விதிகள் சில வருமாறு:

* தனியாக மூழ்கலாகாது. இணையர் ஒருவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும்.
* நீரில் இறங்குமுன் இணையர் இருவரும் ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்க்க வேண்டும்.
* கலனுடன் மூழ்கும்போது மூச்சை அடக்கலாகாது.
* மெதுவாக மேலேற வேண்டும். 5 மீட்டர் ஆழத்தில் சுமார் 3 நிமிடம் தங்க வேண்டும்.
* படகில் ஒருவர் இருந்து, மூழ்கியோரின் எண்ணிக்கையையும் நேரத்தையும் குறிக்க வேண்டும்.

காற்றின் கணக்கும் முன்கூட்டியே போடப்படுகிறது. 12 லிட்டர் கலனில் 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த காற்று, மேற்பரப்பில் சுமார் 2,400 லிட்டர் ஆகும். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு இது கரையில் 120 நிமிடம் வரும். 20 மீட்டர் ஆழத்தில் 40 நிமிடமே வரும். அவசரத்துக்கான இருப்பை விட்டுவைத்தால் இது மேலும் குறையும்.

இணையர் முறை, கயிற்றை மைத்துனரிடம் கொடுத்த வழக்கத்தின் மறுவடிவம் எனலாம். அங்கு உறவு செய்த பணியை இங்கு பயிற்சியும் விதியும் செய்கின்றன. சங்கு குளிப்போர் பலர் இன்று படகில் வைத்த காற்றழுத்தியிலிருந்து குழாய்வழியே காற்றைப் பெற்று, முன்னிலும் ஆழத்தில் நெடுநேரம் தங்குகின்றனர். இம்முறையில் பழைய கயிறும் இல்லை. கழகம் தரும் பயிற்சியும் பலருக்குக் கிடைப்பதில்லை. பொறியின் புகை காற்றுடன் கலந்தால் கார்பன் மோனாக்சைடு நச்சாகும். நெடுநேரம் தங்கியபின் விரைந்து மேலேறினால் அழுத்தநீக்க நோய் தாக்கும். உல்லாசத்துக்காக மூழ்குபவருக்குக் கட்டாயமாகக் கற்பிக்கப்படும் அறிவு, பிழைப்புக்காக மூழ்குபவரைச் சென்றடையாதிருப்பது இத்தொழிலின் முதன்மையான சிக்கலாகும்.

காவிரிப் படுகையுடன் தொடர்பு

மன்னார்குடி, தஞ்சாவூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையின் கடற்கரை முத்துக்குளிப்புக்கு ஏற்றதன்று. முத்துப்பேட்டையை ஒட்டிய பாக்கு நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது, சேறு படிந்தது. முத்துச்சிப்பி ஒட்டி வளரப் பாறையும் தெளிந்த நீரும் வேண்டும். எனினும் தெற்கே எடுக்கப்பட்ட முத்துகள் சோழ நாட்டில் பெருமதிப்புப் பெற்றிருந்தன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் காலத்தில் அளிக்கப்பட்ட அணிகலன்களைக் குறிக்கும் கல்வெட்டுகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி எனப் பலவகை முத்துகளை எண்ணிக்கையுடன் பட்டியலிடுகின்றன.

படுகைக் கடலில் காற்றுக்கலனுடன் நடந்த பணிகளுள் குறிப்பிடத்தக்கது பூம்புகார் அகழாய்வாகும். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம், எசு. ஆர். ராவ் தலைமையில் இங்கு ஆய்வு செய்தது. 1990களின் தொடக்கத்தில் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவிலான ஓர் அமைப்பு கண்டறியப்பட்டது. அதன் காலம் பற்றிய கருத்துகள் வேறுபடுகின்றன.