நெற்றியில் எழுதியது யார்?

தோழர்களே, பச்சை குத்துவதை இன்று மோஸ்தர் என்கிறார்கள். நமக்கு அது அதிகாரத்தின் வரலாறு. 1797இல் வங்காள மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, ஆயுள் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தச் சட்டம் போட்டது. 1849இல்தான் அதைக் கைவிட்டார்கள்.

அந்த நூற்றாண்டின் கடைசியில் சத்தீஸ்கரின் சார்பாரா கிராமத்தில் வேறொன்று நடந்தது. தோல் தொழில் சாதி என்று கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள், பரசுராம் என்பவரின் வழியில் ‘ராம்’ என்ற பெயரைத் தங்கள் உடம்பிலேயே குத்திக்கொண்டார்கள். ராம்நாமிகள் என்று அவர்களுக்குப் பெயர். விளக்குக் கரியைத் தண்ணீரில் குழைத்து ஊசியால் குத்துவார்கள். சிலர் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை குத்திக்கொண்டார்கள், கண்ணிமையைக்கூட விடவில்லை. ஒரே நாளில் முடிகிற வலியல்ல அது. குத்திக்கொண்டவர் பிறகு குடிக்கக் கூடாது, அன்றாடம் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

ராமன் பெயரா என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களுடைய ராம் தசரதன் மகனல்ல, உருவமில்லாதவன். கோயிலும் பூசாரியும் அவனுக்குத் தேவையில்லை. பூட்டிய கதவுக்கு இதைவிட நேரான பதில் என்ன இருக்கிறது?

இப்போது அங்கே இளைஞர்கள் முழு உடம்பிலும் குத்திக்கொள்வதில்லை. வேலை தேடி நகரத்துக்குப் போனால் முகமே சாதியைச் சொல்லிவிடுகிறது. இதைத் துரோகம் என்று சொல்ல நமக்கு வாயில்லை. நம் பிள்ளைகளும் மணிக்கட்டில் ‘ஜெய்பீம்’ குத்திக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்கு முழுக்கைச் சட்டை தேடுகிறார்கள்.