பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து, திருச்சியிலிருந்து ஒரு மசோதா

ஸ்ரீரங்கத்துல இருந்து பேசுறேன். பாஸ்போர்ட் புதுப்பிக்க காவிரிப் பாலம் தாண்டி திருச்சிக்குப் போயிருந்தேன். விண்ணப்பத்துல ‘பாலினம்’ங்கிற கட்டத்தை ஒரே நொடியில நிரப்பிட்டேன். அந்தக் கட்டத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. அதுல நம்ம ஊருக்கும் பங்கு உண்டு.

2005-ல் இந்திய பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஆண், பெண் தவிர மூன்றாவதாக ‘இ’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தார்கள். ‘யூனக்’ என்ற சொல்லின் முதலெழுத்து. திருநங்கைகளை இழிவாகச் சொல்லும் சொல்தான். ஆனாலும் அரசு ஆவணத்துல ஓர் இடம் கிடைச்சுது. 2014 ஏப்ரல் 15-ல் நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே தீர்மானிப்பது ஒருவரின் உரிமை, அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது.

தீர்ப்பு வந்தாச்சு, சட்டம்? மாநிலங்களவையில் திருச்சி சிவா ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே கொண்டுவரும், திரும்பப் பெறுங்கள் என்று அமைச்சர் கேட்டார். அவர் விடலை. 2015 ஏப்ரல் 24-ல் குரல் வாக்கெடுப்பில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்பதை நினைச்சுப் பாருங்க. இதுவும் சட்டமாகலை. மக்களவையில் நின்னுபோச்சு. 2019-ல் அரசு தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் அடையாளச் சான்றிதழை மாவட்ட ஆட்சியர்தான் தரணும்; ஆண் அல்லது பெண் என்று மாற்ற மருத்துவச் சான்றும் வேணும். சிவா உட்பட பலரும் எதிர்த்தார்கள்.

இதெல்லாம் ஏன் இப்போ? 2022-ல் அமெரிக்கா பாஸ்போர்ட்டில் ‘எக்ஸ்’ என்ற எழுத்தை அனுமதித்தது. 2025 ஜனவரியில் புதிய அதிபர் ஓர் ஆணையில் அதை நிறுத்தினார். பிறந்தபோது பதிந்த பாலினம்தான் இனி என்றார்கள். நவம்பரில் அங்குள்ள உச்ச நீதிமன்றமும், வழக்கு முடியும்வரை அதை அமல்படுத்த அனுமதித்தது.

படிவத்தால் வந்தது படிவத்தாலேயே போகும். சட்டமா இருந்தா, எடுக்கணும்னா அவையில் பேசித்தான் எடுக்கணும். திருச்சி விமான நிலையத்துல சிங்கப்பூர் வரிசையில நிக்கிற ஒரு திருநங்கையின் முகம் ஒண்ணு, பாஸ்போர்ட்டில் எழுத்து வேறொண்ணுன்னா, அவங்க பயணம் கவுண்டர்லயே நிக்கும். அதனால உங்க எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்க. ஓர் அவையில் ஒருத்தர் பிடிவாதமா நின்னா எவ்வளவு தூரம் போகும்னு பார்த்தோம். இன்னோர் அவையில் அப்படி நிக்க ஆள் வேணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.