விளையாட்டிற் புகுந்த பெயர்

பலெர்மோ நகரின் லிபெர்த்தாப் பகுதியில் எம் பிள்ளைகள் ஒன்றுகூடல்களில் ஆடும் 'மாபியா' விளையாட்டு இந்நகரில் பிறந்ததன்று. 1986 அளவில் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்ற திமித்ரி தவிதோவ் என்பவரே அதனை ஆக்கினார். கூட்டத்தில் சிலர் மறைவாக மாபியா ஆவர். 'இரவில்' மற்றோர் கண்மூடியிருக்க, அவர்கள் ஒருவரைத் தெரிந்து 'கொல்வர்'. 'பகலில்' எல்லோரும் விவாதித்து, ஐயத்துக்குரியவரை வாக்களித்து வெளியேற்றுவர். கிரேக்கர் இதனைப் 'பலெர்மோ' என்றே அழைக்கின்றனர்!

அதே 1986இல், பெப்ரவரி 10ஆம் நாள், இந்நகரில் 400க்கும் மேற்பட்டோர் மீதான மாபெரும் மாபியா வழக்குத் தொடங்கியது. விளையாட்டில் எல்லோரும் பேசுவர். இங்கோ மௌனமே மாபியாவின் அரணாயிருந்தது. 1984இல் தொம்மாசோ பூஷெத்தா, விசாரணை நீதிபதி ஜொவானி பல்கோனேயிடம் வாய்திறந்தபோது அவ்வரணில் பெரும் உடைப்பு ஏற்பட்டது. 1992 மே 23இல் பல்கோனே குண்டுவைத்துக் கொல்லப்பட்டார். நொத்தர்பார்த்தலோ வீதியில், அவர் வீட்டு வாசல் மரத்தில் மக்கள் இன்றும் கடிதங்களை வைத்துச் செல்கின்றனர்.

எம் பெரியோர் சிலர் இவ்விளையாட்டை வெறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஊரில் சுற்றிவளைப்புகளின்போது, முகமூடியணிந்த தலையாட்டியின் முன்னால் வரிசையாக நடத்தப்பட்டவர்கள் அவர்கள். அந்தத் தலை அசைந்ததால் கொண்டுசெல்லப்பட்ட பலர் திரும்பவேயில்லை. விளையாட்டிற் பிழையாக வெளியேற்றப்பட்டவரோ அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடுவார்.

1997இல் அமெரிக்கரான அன்ட்ரூ புளொட்கின் மாபியாவை ஓநாய் மனிதராக மாற்றினார். இத்தாலியில் 2001இல் வெளிவந்த 'லூபுஸ் இன் தாபுலா'வும் ஓநாய் விளையாட்டே. இந்நகரிற் பிள்ளைகள் ஓநாயாக ஆடுவதையே நாம் விரும்புகிறோம். தலையாட்டியின் கதையைப் பெரியோர் அவர்களுக்குச் சொல்லிவைக்கலாம், பலர் கேட்டதேயில்லை.