கரை ஒதுங்கிய கப்பல் யாருக்கு?

அத்தியாயம் 7

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கு வந்த நாம், சென்ற வாரம் நயினை நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்லின் முன்னே நின்றோம். அதில் என்ன எழுதியிருக்கிறது?

1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. சிங்கள மன்னனின் ஆணை தமிழில் இருக்கிறது. முடிவில் மட்டும் வடமொழி. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பதிப்பித்தார்.

ஆணை சொல்வது இது: பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறையில், இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் தர வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. யானையும் குதிரையும் தனக்கு விருப்பமானவை என்று ஆணையே காரணம் சொல்கிறது. பாண்டிநாட்டுக்கும் பர்மாவுக்கும் படை அனுப்பியவனின் விருப்பம் அது!

சட்டத்தை வாசித்துவிட்டோம். மக்களை அறிந்துவிட்டோமா?

இல்லை என்கிறது மானிடவியல். முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினிக்கு அருகே டிரோபிரியண்ட் தீவுகளில் கூடாரம் அடித்துத் தங்கினார் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி. ஊரார் வாயால் சொல்லும் விதி வேறு, அன்றாடம் அவர்கள் நடந்துகொள்ளும் விதம் வேறு என்பதைக் கூட இருந்து கண்டு, 1926இல் நூலாக எழுதினார்.

அந்தக் கண்ணோடு கல்லுக்குத் திரும்புவோம். உடைந்த கப்பலின் பொருளுக்குப் பங்கு விதிக்க வேண்டி வந்தது ஏன்? ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் தூண் விடை தருகிறது. காகதீய கணபதிதேவன் 1244-45இல் வெட்டுவித்த ஆணை அது. புயலில் சிக்கிய கப்பல்களின் பொருள் முழுவதையும் முன்னைய அரசர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது.

நம் தராசில் பாதியை எடுப்பது கொள்ளை. அந்தக் கடலின் தராசில் பாதியை விட்டுவைப்பது அபயம். ஒரு சமூகத்தின் வழக்கத்தை அதன் தராசிலேயே முதலில் நிறுத்துப் பார்க்க வேண்டும், தீர்ப்பு பிறகுதான். மானிடவியலிடம் நான் கற்ற பெரிய பாடம் இது.

ஆனால் கல்லை விட்டு நகர முடியவில்லை. கப்பல்காரர் தங்க வேண்டிய இடம் ஊராத்துறை. காவல் கிடைக்கும் இடமும் அதுவே. அப்படியிருக்க, அந்தத் துறைக்கான சட்டம் கடலுக்கு இப்பால், நயினாதீவில் ஏன் நிற்கிறது?

(தொடரும்)